சுவாதீனம் இல்லாதவன்

என்னைப் பற்றி யார் என்ன புகார் சொன்னாலும் அக்காவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "அவனுக்கு சித்த சுவாதீனம் இல்லீங்க, கண்டுக்காதீங்க." பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரின் நாற்காலிக் காலில் ஆட்டு மணியைக் கட்டியபோது ஹெட்மாஸ்டரிடம் அப்படிச் சொல்லித்தான் என்னை மீட்டு வந்தாள். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நான் நின்றுவிட்டபோது அப்பாவிடமும் அதையே சொன்னாள். அப்பா அதை நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன், அடிக்கவில்லை.

அதனால் சுவாதீனம் என்றால் புத்தி என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு, ஒரு இடம் நம் கைவசத்தில் இருப்பதையும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிரில் பத்திரம் எழுதுகிறவரின் மேசை முன்னால் உட்கார்ந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்துகொண்ட ஐந்தாவது நிமிடத்தில் அந்த வார்த்தையை எடுத்துவிடச் சொன்னவனும் நான்தான்.

ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் அக்கா புருஷனுக்கு மூன்று சென்ட் இடம் இருந்தது. கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம் மாமாவுடையது. வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். அதை மண்டிக்கு ஏற்றிப் போக ஒரு மினி வேனும் வைத்திருந்தார். டவுனில் இருந்த இந்த மூன்று சென்ட் அவருடைய தாத்தா எப்போதோ வாங்கிப் போட்டது. முள்ளும், சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு கொட்டகையும், அதற்குள் ஒரு நாயும் இருந்தன. நாயோடு பேசி முடித்துவிட்டு நான் அங்கே வாடகை சைக்கிள் கடை போட்டேன். அந்தப் பக்கம் ரூம் எடுத்துத் தங்குகிற வெள்ளைக்காரர்களுக்கு மலையைச் சுற்றிவரச் சைக்கிள் வேண்டும். எனக்கு இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும். பன்னிரண்டு சைக்கிள் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதினேன். தமிழ் கற்றுக்கொடு என்று கேட்ட ஒரு ஜெர்மன்காரம்மாவுக்கு, ஆட்டோக்காரரிடம் சொல்ல வேண்டியது என்று "மீட்டர் போடு மச்சான்" கற்றுக்கொடுத்தேன். அந்தம்மாவிடம் கூடுதலாக யாரும் வாங்கவே இல்லை, சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டார்கள்.

அப்பா போன பிறகு என் பங்குக்கு வந்த நிலத்தை விற்றதும், இந்த மூன்று சென்ட்டை எனக்கே கொடுத்துவிடும்படி மாமாவிடம் கேட்டேன். அவரும் உடனே சம்மதித்தார். பட்டா இன்னும் தாத்தா பேரில் இருந்தது. அது மாறி வர நாளாகும், அதுவரைக்கும் அக்ரிமெண்ட் போட்டுக்கொள்ளலாம், பட்டா வந்த மறுநாள் கிரையம் என்றார். விலையில் பெரும்பகுதியை அன்றைக்கே கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

அக்ரிமெண்ட் எழுதப் போனது நான், மாமா, அக்கா. பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். "மேற்படி சொத்தின் சுவாதீனத்தை இன்றைய தேதியிலேயே தங்கள் வசம் ஒப்படைத்துவிட்டபடியால்" என்ற இடத்தில் நிறுத்தினார். சுவாதீனம் கொடுத்ததாக எழுதினால் பதிவுக் கட்டணம் மொத்த விலைக்கும் ஆகும், எழுதாவிட்டால் அட்வான்ஸுக்கு மட்டும்தான் என்று விளக்கினார். சுவாதீனம் என்றால் என்ன என்று நான் கேட்டேன். சொன்னார்.

மாமா கையை ஆட்டினார். "பையன் இப்பவே உள்ளதான் இருக்கான். அத எழுதி வேற காட்டணுமா? எடுத்துடுங்க சார்."

பத்திரம் எழுதுகிறவர் என் பக்கம் திரும்பினார். "வாங்கறவர் நீங்க தம்பி. நீங்க இன்னா சொல்றீங்க?"

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "எடுத்துடுங்க சார். எனக்கு சுவாதீனம் இல்லன்னு எங்கக்கா சின்ன வயசுலருந்தே சொல்லிக்கினுதான் கீது. எழுத்துலயும் அப்படியே இருக்கட்டும்."

பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். எல்லோருக்கும் முன்னால் சிரித்தது அக்கா. என் ஜோக்குக்கு அவள்தான் எப்போதும் முதல் ஆள், பாதி சொல்லும்போதே சிரித்துவிடுவாள். அந்த வரி போய், "கிரையம் முடிக்கும் நாளில் சுவாதீனம் ஒப்படைக்கப்படும்" என்று வேறு வரி வந்தது. மாமா தன் பெயரை எப்போதும் போல் கோலம் போடுகிற மாதிரி இழுத்து இழுத்துக் கையெழுத்திட்டார். இரண்டாவது சாட்சியாக அக்கா கையெழுத்து போட்டாள். பதிவும் ஆனது. கட்டணத்தில் மிச்சமான காசில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஆளுக்கொரு பிரியாணி சாப்பிட்டோம். லெக் பீஸை மாமா எனக்குத் தூக்கிப் போட்டார்.

அதன் பிறகு அந்த இடத்தை என்னுடையதாகவே நினைத்து வேலை செய்தேன். முள்ளை வெட்டினேன். கொட்டகைக்கு முன்னால் சுவர் எழுப்பி ரோலிங் ஷட்டர் மாட்டினேன். மாமா எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதத்தை வைத்து கரண்ட் கனெக்‌ஷனை என் பேருக்கு மாற்றினேன். தரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருக்கும்போதே ஈரத்தில் காலை வைத்துவிட்டாள். கொத்தனார் பூசி மறைக்க வந்தார், நான்தான் விடச் சொன்னேன். ஷட்டரைத் திறந்தால் முதலில் தெரிவது அந்த ஒற்றைப் பாதம்தான். யாராவது கேட்டால், மலைமேல் இருந்து இறங்கி வந்த ஒரு சித்தரின் பாதம் என்பேன். ஒரு இத்தாலிக்காரர் அதற்குப் பூ வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு வருஷம் போனது. பட்டா வரவில்லை. கேட்கும்போதெல்லாம், தாலுகா ஆபீசில் சொல்லியிருக்கிறேன், வந்துவிடும் என்றார் மாமா. அதற்குள் சந்து மாறிவிட்டது. என் இடத்துக்கு இரண்டு பக்கத்தையும் ஒருத்தர் கெஸ்ட் ஹவுஸ் கட்ட வாங்கிவிட்டார். நடுவில் பல் மாதிரி நான் மட்டும் இருந்தேன். அவர் மாமாவைத் தேடிக் கீழ்பென்னாத்தூருக்கே போனதாகப் பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். நான் அதையும் ஜோக்காக்கி, மாமாவுக்குப் போன் பண்ணி, "இன்னா மாமா, உங்க வீட்டுக்கு ஏசி காரெல்லாம் வருதாமே, மீசைக்கு மை பூசினீங்களா?" என்று கேட்டேன். மாமா சிரிக்கவில்லை. நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது வருஷம் மாமாவின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். உறவுக்காரன் என்ற இரக்கத்தில் கொட்டகையில் சைக்கிள் வைத்துக்கொள்ள அனுமதித்ததாகவும், அக்ரிமெண்ட்படி எனக்குச் சுவாதீனம் ஒப்படைக்கப்படவே இல்லை என்றும், அக்ரிமெண்ட்டே காலாவதியாகிவிட்டது என்றும், பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அதில் என் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது. மற்ற இடங்களில் எல்லாம் நான் 'மேற்படி நபர்'.

மேற்படி நபர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

என்னிடம் அடிக்கடி பஞ்சர் ஒட்ட வருகிற ஒரு வக்கீல் மேடம் இருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நோட்டீஸையும் அக்ரிமெண்ட்டையும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய ஆபீசுக்குப் போனேன். இரண்டையும் படித்துவிட்டு, அந்தச் சுவாதீன வரியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார். ஜோக்கைச் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை.

பிறகு பொறுமையாகச் சொன்னார். சொத்து மாற்றுச் சட்டத்தில் ஐம்பத்துமூன்று ஏ என்று ஒன்று இருக்கிறதாம். பார்ட் பெர்ஃபார்மன்ஸ், அதாவது ஒப்பந்தத்தைப் பாதி நிறைவேற்றியது என்பார்களாம். கிரையம் ஆகாவிட்டாலும் பரவாயில்லை. எழுதிப் பதிவு பண்ணின அக்ரிமெண்ட் இருந்து, அதை நம்பி ஒருத்தன் இடத்தில் இருந்து, அதற்காக ஏதாவது செய்தும் இருந்து, மிச்சத்தைக் கொடுக்கவும் தயாராக இருந்தால், விற்றவர் பேச்சை மாற்றிக்கொண்டு அவனை வெளியே தள்ள முடியாது. பெர்ஃபார்மன்ஸ் என்றால், பாதி ஆட்டம் ஆடினாலும் கணக்கில் எடுப்பார்களா என்று கேட்டேன். ஆமாம், ஆனால் மேடையை விட்டு இறங்கக்கூடாது என்றார்.

"நல்லாக் கேட்டுக்குங்க தம்பி. இது உள்பக்கத் தாழ்ப்பாள் மாதிரி. உள்ள இருக்கற வரைக்கும் போட்டுக்கலாம், யாரும் அசைக்க முடியாது. வெளிய வந்துட்டீங்கன்னா, அதே தாழ்ப்பாள வச்சி வெளியிலருந்து கதவத் தொறக்க முடியாது."

அந்த வார்த்தை இல்லாதது கெடுதலா என்றேன். கெடுதல்தான், ஆனால் ஷட்டர் இருக்கிறது, தரை இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது, சமாளிக்கலாம் என்றார். தரை எப்போது போட்டது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். ஒன்பது வயதுப் பாதம் ஒன்று இருக்கிறது, அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார்.

"எழுத்துல இல்லாதத இனிமே நீங்க உடம்பால காட்டணும். இடத்த விட்டு நகராதீங்க. சாவிய யார் கையிலயும் குடுக்காதீங்க. யாராயிருந்தாலும்."

நோட்டீஸுக்குப் பதில் போட்டோம். பிறகு நாலு மாசம் கடையிலேயே கிடந்தேன். சைக்கிள்களுக்கு நடுவில் பாய். சாப்பாடு பார்சல். குளியல் எதிர்வீட்டு மோட்டார் போடும் நேரத்தில். நான் ஏதோ விரதத்தில் இருப்பதாக வெள்ளைக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள், ஒரு பையன் என்னிடம் மௌனமா என்று எழுதிக் காட்டினான். மாமா வரவில்லை, ஆளும் அனுப்பவில்லை. மேடம் சொன்னபடி தாழ்ப்பாள் வேலை செய்தது. எனக்குத்தான் தாங்கவில்லை. மாமாவைக் கிண்டல் பண்ணாமல் நாலு மாசம் நான் இருந்ததே இல்லை.

அப்போதுதான் அக்கா வந்தாள். காலை பத்து மணி இருக்கும். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம். மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு என்று முறைப்படி அழைத்தாள். தாய்மாமன்தான் பெண்ணுக்குப் பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும். முன்பெல்லாம் பெண்ணை அதில் பல நாள் உட்கார வைப்பார்களாம். இப்போது விழா அன்று காலையில் கட்டி, உட்காரவைத்துப் படம் எடுத்து, அன்றைக்கே பிரித்துவிடுகிறோம். கட்டினவன்தான் பிரிக்கவும் வேண்டும்.

தட்டை வாங்காமல் நின்றேன். அக்கா ஏழாம் நம்பர் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நோட்டீசு கீட்டீசெல்லாம் உங்க ஆம்பளைங்க விவகாரம். எனக்குத் தெரியாது. என் பொண்ணுக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான். நீ ஓலை கட்டலன்னா யாருடா கட்டுவா?"

"ஆயில் கையோட கட்டட்டா?"

"கழுவிட்டு வாடா, சுவாதீனம் இல்லாதவனே."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு நாலு மாசமும் கரைந்துவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டேன். போகும்போது குனிந்து தரையில் இருந்த மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது இதைப்போல ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது என்றாள்.

மேடத்துக்குப் போன் பண்ணினேன். போகத்தான் வேண்டுமென்றால் நம்பிக்கையான ஆளை உள்ளே உட்கார வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நம்பிக்கையான ஆள் என்று எனக்கு இருந்தவர்கள் எல்லோருக்கும் அந்த விழாவுக்குப் பத்திரிகை வைத்தாகிவிட்டது. ஒரு நாள்தானே என்று ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். சாவியைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டு மேலே தட்டிப் பார்த்துக்கொண்டேன். சுவாதீனம் என் பாக்கெட்டில்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்றாக இருந்ததால் பஸ்ஸில் இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தேன்.

சீர்வரிசைத் தட்டுகளோடு நான் இறங்கியபோது மாமா வாசலுக்கே வந்து கையைப் பிடித்தார். மாலை போட்டார். நோட்டீஸைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தாய்மாமனுக்கு என்று புது வேட்டி சட்டை எடுத்து வைத்திருந்தார்கள். ஓலை கட்டும் முன் அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே போய் மாற்றிக்கொண்டு, கழற்றின பேண்ட்டைத் தோளில் போட்டபடி வெளியே வந்தேன். வேட்டியில் பாக்கெட் கிடையாது. சட்டைப் பாக்கெட் போன் வைத்தாலே கிழிகிற மாதிரி இருந்தது. அக்கா கையை நீட்டினாள். பேண்ட்டிலிருந்து பர்ஸ், போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் எடுத்தேன். எதிரில் வீடியோக்காரர் லைட்டோடு நின்றார், சுற்றிச் சொந்தக்காரர்கள். அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தால் என் நாக்கு சும்மா இருக்குமா?

சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டி, அக்காவின் உள்ளங்கையில் போட்டேன். "இந்தாக்கா, என் சொத்து பூரா இதுதான். இனிமே உன் சுவாதீனம்."

பந்தலே சிரித்தது.

ஓலையை நானே முடைந்தேன். கொஞ்சம் கோணல்தான், ஆனால் நின்றது. வாசலுக்கு மாவிலை கட்டினேன். அக்கா மகள் பட்டுப்புடவையில் தடுக்கித் தடுக்கி வந்து உள்ளே உட்கார்ந்தாள். கடைக்கு வந்து பெல் அடித்து விளையாடுகிற பிள்ளையா இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வாடகை எவ்வளவு மாமா என்று கேட்டாள். என் நாக்கில் பாதி அவளுக்கு வந்திருக்கிறது. அட்வான்ஸ் மட்டும் போதும் என்றேன். வீடியோக்காரர் அதையும் எடுத்தார்.

மதியம் இரண்டாவது பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் வடை. தெருவில் மாமாவின் மினி வேன் வந்து நின்றது. பின்னால் ஹேண்டில்பார்கள் நீட்டிக்கொண்டு தெரிந்தன. கீழ்பென்னாத்தூரிலும் எவனோ வாடகை சைக்கிள் கடை போடுகிறான், எனக்குப் போட்டி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு முன்னால் கூடை வைத்த நீலச் சைக்கிளைப் பார்த்தேன். மட்கார்டில் ஏழு என்று எழுதியிருந்தது. ஏழுக்குக் கொம்பு வைத்து எழுதுவது நான் மட்டும்தான்.

எச்சில் கையோடு எழுந்து போனேன். மாமா வேன் பக்கத்தில் நின்று இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மல்லாட்டை காயவைக்கிற களத்தில் சைக்கிள்களை வரிசையாக, ஒன்றுகூடக் கீறல் விழாமல் நிறுத்தினார்கள். என் பாய், பம்ப், பஞ்சர் டப்பா எல்லாம் வந்திருந்தது. கரண்ட் பில்கூட ஒரு கவரில் இருந்தது.

"ஒன்னும் கொறையல மச்சான். எண்ணிப் பாத்துக்க. அங்க வேற பூட்டு போட்டாச்சு. அந்த இடத்துக்குப் பேசி முடிச்சிட்டேன். உன் பணத்த உனக்குத் திருப்பிக் குடுத்துடறேன்."

மாமாவை நான் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை.

"சைக்கிள் இருக்குது. மூணு சென்ட்டு எங்க? அதையும் வேன்ல ஏத்தினியா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாவி எங்கே என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வேட்டியின் கரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீதானடா குடுத்த. எல்லாரும் பாத்தாங்க."

அடிதடி பண்ணுகிற ஆள் இல்லை நான். சுற்றிப் பார்த்தேன். முற்றத்தில் நான் கட்டின ஓலைக் குடிசை காலியாக இருந்தது, பெண்ணை மஞ்சள் தண்ணீர் ஊற்ற அழைத்துப் போயிருந்தார்கள். நேராகப் போய் அதற்குள் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்துக்கு அதை எல்லோரும் என் வழக்கமான சேட்டை என்றே நினைத்தார்கள். இரண்டு பேர் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். நேரமாக ஆகத்தான் சிரிப்பு அடங்கியது. கட்டினவன் பிரிக்காமல் சடங்கு முடியாது, வேறு யாரும் அதில் கை வைக்கவும் கூடாது. மாமா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அக்கா வந்து வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"வாடா வெளிய. அசிங்கமா கீது."

"நான் கட்டினது. நான் உள்ள இருக்கேன். சுவாதீனம்."

"அத வித்தாத்தான்டா இவ படிப்பு, கல்யாணம்னு நாங்க நிக்க முடியும். அவங்க குடுக்கறது ஜாஸ்தி. நீ ஒண்டி ஆளு. எங்க வேணா நாலு சைக்கிள நிறுத்திப் பொழச்சிக்குவ."

"என்கிட்ட கேட்டிருந்தா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் அவள் கேட்டிருக்கலாம். எட்டு வயதில் என் மிட்டாயைக்கூட அவள் கேட்டுத்தான் வாங்குவாள்.

அவள் எழுந்து போன பிறகு அவள் மகள் வந்தாள். தலையெல்லாம் ஈரம், நெற்றியில் மஞ்சள் வழிந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"மாமா, குளிருது. நான் உள்ள வரட்டா, இல்ல நீங்க வெளிய வரீங்களா?"

அவளுக்கு எதுவும் தெரியாது. வேன் வந்ததைப் பார்த்தாள், சைக்கிள் எல்லாம் இங்கேயே வந்துவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம். நான் வெளியே வந்தேன். ஓலையை ஒவ்வொன்றாக நானே பிரித்துப் போட்டேன். அந்தக் குடிசையிலிருந்து என்னை யாரும் வெளியேற்றவில்லை.

மறுநாள் சந்துக்குப் போனேன். ஷட்டரில் பெரிய புதுப் பூட்டு. அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேடத்தின் ஆபீசுக்குப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது. இப்போது ஐம்பத்துமூன்று ஏ உதவாது, அது உள்ளே இருப்பவனுக்குத்தான் என்றார். இரண்டு வழி பாக்கி. கிரையம் எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு வழக்கு, அது வருஷக்கணக்கில் இழுக்கும். அதற்கு முன்னால், சம்மதம் இல்லாமல் என்னை வெளியேற்றினார்கள் என்று ஆறு மாசத்துக்குள் இன்னொரு வழக்கு. அதில் ஜெயித்தால் சீக்கிரம் உள்ளே போய்விடலாம். என் சம்மதம் இல்லை என்று காட்டினால் போதும். இரண்டையும் போட்டோம்.

அவர்கள் பக்கத்திலிருந்து பதிலோடு ஒரு பென் டிரைவ் வந்தது. நானே மனமுவந்து சாவியை ஒப்படைத்துவிட்டேனாம், ஆதாரம் விழா வீடியோவாம். மேடம் லேப்டாப்பில் போட்டார். பாட்டோடு ஆரம்பித்தது. பூ மழை கொட்டியது, மயில் பறந்தது. பிறகு ஒரு பெரிய இதய வடிவத்துக்குள் நான் வந்தேன், புது வேட்டியில், பல் எல்லாம் தெரிய. இந்தாக்கா, என் சொத்து பூரா இதுதான், இனிமே உன் சுவாதீனம். ஒரு வார்த்தை விடாமல் தெளிவாகக் கேட்டது. பத்திரம் எழுதுகிறவர்கூட அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்க மாட்டார்.

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எதற்காக அந்த வார்த்தையைச் சொன்னீர்கள் என்று கேட்டார். ஜோக் என்றேன். ஜோக் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார்.

மறுபடி போடச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் கவனித்தேன். என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தேன். பேண்ட்டில் நான் கை விடுவதற்கு முன்னாலேயே அவள் கை நீண்டிருக்கிறது. சாவி விழுகிறது. பின்னால் நிற்கிற பெரியப்பா சிரிக்கிறார், சீர்த்தட்டு பிடித்த பெண்கள் சிரிக்கிறார்கள், மாமாகூடச் சிரிக்கிறார். அக்கா சிரிக்கவில்லை. விரல்களை மூடிக்கொண்டு வாசலைப் பார்க்கிறாள். பாதி ஜோக்கிலேயே சிரித்துவிடுகிறவள்.

அதை மேடத்துக்குக் காட்டினேன். நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தார். எனக்குப் புரியுது தம்பி, ஆனால் ஒருத்தர் சிரிக்காததற்குக் கோர்ட்டில் நம்பர் போட்டு ஆவணமாக்க முடியாது என்றார். அந்தச் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கத்தான் கொடுத்தேன், இடத்தைக் கொடுக்கவில்லை என்று சொல்ல யாராவது வேண்டும். பெரியப்பா மாமாவின் மல்லாட்டையை விற்றுக் கொடுக்கிறவர், வர மாட்டார். மற்றவர்கள் சிரித்ததைத்தான் சொல்வார்கள்.

சாட்சிப் பட்டியல் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நம் பக்கத்துச் சாட்சியாகக் கூப்பிட்டு அவர்கள் நமக்கு எதிராகச் சொன்னால் கேஸே போய்விடும், நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

"கூண்டுல ஏறட்டும் மேடம். நான் இடத்தத்தான் குடுத்தேன்னு என் மூஞ்சியப் பாத்து ஒரு வாட்டி சொல்லட்டும். சொல்லிட்டான்னா அந்த மூணு சென்ட்ட அவங்களே வெச்சிக்கட்டும்."

அவர் பேனாவை எடுத்துப் பெயரைக் கேட்டு எழுதினார். வயது கேட்டார், சொன்னேன். ஊர் கேட்டார், சொன்னேன். உறவு என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். வழக்கமாக அந்த மாதிரி இடத்தில் என் வாயில் ஏதாவது ஒன்று தயாராக இருக்கும்.

"அக்ரிமெண்ட்ல ரெண்டாவது சாட்சி. அப்படின்னு மட்டும் போடுங்க மேடம்."